ஒன்பதடித் துணியும் ஆறடி மனிதரும்

எங்கள் பட்டறையில் எல்லோரும் அவரை டேப்பு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும் என்பது ஒரு காரணம். அளவு விஷயத்தில் யாரையும் விடமாட்டார் என்பது இன்னொரு காரணம். டீ கொண்டுவருகிறவர் தம்ளரை மாற்றினால்கூட, "பழசைவிட இது ஒரு விரக்கடை கம்மி" என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார். நான் அங்கே பார்சல் பிரிவு. தையல் மேசையிலிருந்து வருவதைப் பையில் போட்டு, பெட்டியில் அடுக்கி, முகவரி ஒட்டி அனுப்புவது என் வேலை. திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரிப்பதும் நான்தான். அதனால்தான் நடந்தது முழுக்க எனக்குத் தெரியும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மலை, காடு, ஏரிக்கரை என்று கேம்ப் போடப் போகிறவர்களுக்கான சாமான்கள் செய்கிற பட்டறை அது. கூடாரம், முதுகுப்பை, மழைவிரிப்பு, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற தொங்குபடுக்கை. பையின் மேல் அதற்கு ஏதோ நாகரிகமான பெயர் அச்சடித்திருக்கும். எங்களுக்குள் அதற்குப் பெயர் தூளி. குழந்தைகளுக்குக் கட்டுவது போலத்தான், படுக்கிறவர் மட்டும் பெரியவர்.

அந்தத் தூளிக்கு நீளம் வைத்தவரே அக்காதான். பதினாலு வருடம் முன்பு பெரிய முதலாளி எங்கிருந்தோ ஒரு மாதிரியைக் கொண்டுவந்து, "இதைப் பாத்து அப்படியே தைச்சிடும்மா" என்றார். அது எட்டரை அடி. அக்கா தைத்தார். ஆனால் அனுப்பவில்லை. வேலை முடிந்து தன் வீட்டுக்காரரை வரச்சொன்னார். மாமா பேருந்து ஓட்டுகிறவர், ஆறடி உயரம். வீட்டில் அவர் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கட்டிலின் கால்மாட்டில் பலகை அடித்து நீட்டியவர் அக்கா. அப்படிப்பட்டவர் இதை விடுவாரா? தையல் மிஷின்களை ஒட்டி, தைத்ததைச் சரிபார்த்து முடிக்கும் கூடத்துத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே கட்டி மாமாவை ஏற்றினார். ஏறினவர், "அடியே, நண்டு மாதிரி மடங்கிட்டேன், இறக்கி விடு" என்று கத்தினார். அதற்குப்பின் ஒன்பது, ஒன்பதரை, பத்து, பத்தரை என்று அரை அரை அடியாக நீட்டி, ஒன்றரை மாதம் மாமாவைப் படுக்கவைத்துப் பார்த்தார். பதினோரடியில் மாமா குறட்டை விட்டார். பெரிய முதலாளி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். பத்து வருடத்துக்கு மேல் பதினோரடித் தூளிதான் எங்கள் பட்டறையின் பேர் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரிய முதலாளி ஓய்வுபெற்றார். மகன் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடவே ஒரு விற்பனை மேலாளரும் வந்து சேர்ந்தார். வந்த மூன்றாவது வாரம் வெட்டும் மேசைக்கு வந்து, தூளித் துணிச் சுருள் எத்தனை அடி என்று கேட்டார். தொண்ணூற்றொன்பது என்றோம்.

"பதினொண்ணு பதினொண்ணா வெட்டினா ஒன்பது தூளி. ஒன்பது ஒன்பதா வெட்டினா பதினொண்ணு. ஒரு சுருளுக்கு ரெண்டு சும்மா கிடைக்குது. இத்தனை வருஷமா இது யாருக்கும் தோணலையா?" என்றார்.

அக்கா மிஷினை நிறுத்தினார். "தோணுச்சு சார். ஆனா ஆள் படுக்க முடியாதே."

"என்னம்மா சொல்றீங்க? ஆள் ஆறடி. துணி ஒன்பதடி. இன்னும் மூணு அடி மிச்சம் இருக்கே!"

"அது பாய்க் கணக்கு சார். இது தரையில விரிக்கிற பாய் இல்லையே. ரெண்டு முனையும் கொசுவிக் கட்டித் தொங்கவிட்டா துணி வளைஞ்சு நிக்கும். அதுல நேரா படுத்தா முதுகும் கூடவே வளையும், வாழைப்பழம் மாதிரி. அதனால கோணலா படுக்கணும். தலை ஒரு ஓரம், கால் எதிர் ஓரம். அப்பதான் உடம்பு தட்டையா கிடக்கும். அப்படித் திரும்பறதுக்கு நீளம் வேணும். ஆளோட உயரத்துக்கு மேல நாலரை, அஞ்சு அடியாவது இருக்கணும். ஒன்பதடியில ஆறடி ஆளு திரும்பவே முடியாது. தோள் ரெண்டும் நெரியும், முட்டி தப்பான பக்கம் வளையும்."

மேலாளர் அதையெல்லாம் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. "நீங்க எப்பவாவது காட்டுல கேம்ப் போட்டு தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நான் தங்கியிருக்கேன்." அவ்வளவுதான். போய்விட்டார்.

அக்கா முகம் சிவந்துவிட்டது. "செருப்பு தைக்கிறவங்கல்லாம் ஓட்டப்பந்தயம் ஓடிட்டு வந்தா தைக்கிறாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மறுநாளே வெட்டும் மேசைக்கு மேலே உத்தரவு ஒட்டியாகிவிட்டது: தொங்குபடுக்கை, ஒன்பது அடி. அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கும், ஐந்தடிக்குக் கீழே இருப்பவர்களுக்கும் ஒன்பதடி போதும் என்பது அவருக்கும் தெரியும். அவரைக் கொதிக்கவைத்தது புதிதாக அச்சாகி வந்த பை. 'ஆறடி நான்கு அங்குலம் வரை உயரம் உள்ளவர்களுக்கு ஏற்றது' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அக்கா அந்தப் பையை எடுத்துக்கொண்டு நேரே சின்ன முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனார்.

"தம்பி, ஒன்பதடி விக்கிறது உங்க இஷ்டம். இந்த வரி பொய். இதை மட்டும் எடுத்துடுங்க."

சின்ன முதலாளி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, அதெல்லாம் மேலாளர் பாத்துக்குவாரு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று சொல்லப் போனவரை, மறைக்கிறவரிடமே போய்ச் சொல் என்று திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்?

இரண்டு மாதத்தில் பெட்டிகள் திரும்ப ஆரம்பித்தன. முதலில் வந்தது ஒரு செவிலியருடையது. உள்ளே ஒரு கடிதம். 'பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள் நான். ஒரு வருடத்தில் கிடைத்த மூன்று நாள் விடுமுறை இது. முதல் நாளே இதில் படுக்க முடியாமல் காரின் பின் இருக்கையில் சுருண்டுகொண்டேன். என் உயரம் ஐந்தடி ஒன்பது. உங்கள் பையில் எழுதியிருப்பது யாருக்காக?' அடுத்தது ஒரு பூகோள ஆசிரியர். மாணவர்களை அழைத்துக்கொண்டு மலைக்குப் போனவர், முட்டி வீங்கி இரண்டு நாள் நொண்டியிருக்கிறார். அப்படியே ஒன்றன்பின் ஒன்றாக, அந்தப் பருவத்தில் மட்டும் நாற்பத்து மூன்று. கடிதங்களை நான் சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் டப்பாவைத் தள்ளிவைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் உயரம் எழுதியிருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் அதையும், அவர்கள் எழுதிய வரிகளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஐந்தடி ஏழுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை.

இதுவரைக்கும் நடந்தது முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். இனிமேல் நடந்ததுதான் அயோக்கியத்தனம்.

புகார் எழுதியவர்களுக்கெல்லாம் அனுப்பச் சொல்லி மேலாளர் என்னிடம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார். எல்லாம் ஒரே வாசகம். மடிக்கும்போதுதான் படித்தேன். 'எங்கள் தையல் பிரிவில் நேர்ந்த கவனக்குறைவுக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட தொழிலாளி மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடினவர் ஒருவர், பழி கூடத்தைப் பெருக்குகிறவள் தலையில். தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை என்பதை அந்த நாற்பத்து மூன்றையும் கையால் தொட்டுப் பிரித்த நான் அறிவேன். ஆனாலும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. காகிதங்களை மடித்து, உறையில் போட்டு, அனுப்பியும் விட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை மிச்சமிருந்த ஒரு தாளைக் கொண்டுபோய் அக்கா மேசையில் வைத்தேன்.

நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பிறகு, திரும்பி வந்த தூளி ஒன்றை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தார். கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்கக் கேட்டது.

"எந்தத் தையல் சார் பிரிஞ்சிருக்கு? விரல் வெச்சு காட்டுங்க."

"அதெல்லாம் ஒரு வார்த்தைக்கு எழுதறதும்மா. கஸ்டமரை சமாதானப்படுத்தணும்ல. யார் பேரையும் போடலையே?"

"தையல் பிரிவுல நாங்க ஆறு பேர் இருக்கோம். ஆறு பேருக்கும் பேர் இருக்கு சார்."

அதற்குப் பதில் அடுத்த வாரம் தாளாக வந்தது. பெரிய கடைகளின் சங்கிலி ஒன்று எங்கள் சரக்கை மொத்தமாக எடுப்பதற்குப் பேசிக்கொண்டிருந்தது. இத்தனை சரக்கு ஏன் திரும்பியது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் காட்ட மேலாளருக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. 'என் கவனக்குறைவால் தையலில் தவறு நேர்ந்தது. இனி நேராது' என்று தட்டச்சு செய்து, கீழே அக்காவின் பெயர் போட்டு, கோடும் இழுத்துக் கொடுத்தார்கள்.

அக்கா அந்தத் தாளை மடித்து மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினார். பக்கத்து மிஷின்காரிகள் பயந்துபோனார்கள். "ஒரு கையெழுத்துதானேக்கா, போட்டுட்டு போவியா, வம்பை வளத்துக்கிட்டு" என்றாள் ஒருத்தி.

"இன்னிக்கு நான் போட்டா நாளைக்கு உன்னையும் போடச் சொல்லுவாங்கடி" என்றார் அக்கா.

அன்று மாலை நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாவது மாடி, இரண்டே அறை. மாமா பணி முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "போடாத. வேலை போனா போகட்டும். நான் கூடுதலா ரெண்டு நடை ஓட்டிக்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அக்காவுக்குக் கோபம் அவர் மேலேயே திரும்பிவிட்டது.

"ஏன் போகணும்? நான் என்ன தப்பு பண்ணேன்? பையில பொய்ய எழுதினவரு உக்காந்திருப்பாரு, நேரா தைச்ச நான் எந்திரிச்சு போகணுமா? என்ன பேச்சு பேசறீங்க!"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கடைச் சங்கிலியின் கொள்முதல் அம்மா ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, தட்டைச் செருப்பு, நல்ல உயரம். முடிக்கும் கூடத்தில் அதே இரண்டு தூணுக்கு நடுவே ஒன்பதடித் தூளி தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு, தானே ஏறிப் படுத்துக் காட்டினார். ஐந்தடி மூன்று அங்குலம் அவர். உயரத்தைக் கேலி செய்யவில்லை, நானும் அவ்வளவுதான். விஷயம் என்னவென்றால், அவருக்கு அது ஏதோ பொருந்தியது. கையைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "பாருங்க மேடம், சொர்க்கம்!" என்றார்.

"அப்ப இவ்வளவு சரக்கு ஏன் திரும்பி வந்துச்சு?"

"தையல்ல ஒருத்தரோட கவனக்குறைவு மேடம். கண்டிச்சு வெச்சிருக்கோம்." சொல்லும்போதே அவர் முகவாய் அக்கா இருந்த பக்கம் திரும்பியது.

ஆறு மிஷினும் ஒரே நேரத்தில் நின்றன. அக்கா எழுந்து வந்தார்.

"மேடம், அந்த ஒருத்தர் நான்தான். நீங்க ஒரு தரம் படுத்துப் பாருங்க."

சின்ன முதலாளி பதறினார். "அக்கா, இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"அவங்க கேக்கறதும் நியாயம்தானே? விக்கப்போறது நான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கைப்பையை என்னிடம் நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார்.

படுத்தார் என்று சொல்வது தப்பு. தூளி அவரை விழுங்கியது. இரண்டு ஓரத்துத் துணியும் எழும்பி முகத்தை மூடப் பார்த்தது. தோள்கள் காதுவரை ஏறின. முகவாய் மார்பில் முட்டியது. குதிகால் முனையிலிருந்த முடிச்சில் போய் இடித்தது. கோணலாகத் திரும்பப் பார்த்தார். கால் வெளியே வந்து தொங்கியது.

"அஞ்சு நிமிஷம் அப்படியே இருங்க மேடம்" என்றார் அக்கா.

இரண்டாவது நிமிடமே, "முட்டி வலிக்குதும்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது. எழவும் முடியவில்லை. மேலாளர் ஒரு கை, நான் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டோம்.

அடுத்து என்ன வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. பார்சல் அறைக்கு ஓடி, மேல் தட்டில் மிச்சம் கிடந்த பழைய பதினோரடி ஒன்றை எடுத்துவந்தேன். மேலாளர் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. முறைக்கட்டும். அக்கா ஒன்பதடியை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினார். கயிற்றை விறைப்பாக இழுக்கவில்லை, நன்றாகத் தொய்யவிட்டார். கால் பக்கத்தை மட்டும் ஒரு சாண் உயர்த்தினார்.

"இழுத்துக் கட்டினா தட்டையா இருக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க மேடம். அப்படிக் கட்டினா ஓரம்தான் விறைக்கும், தோளை நெரிக்கும். இப்ப ஏறுங்க. நேரா படுக்காதீங்க. தலையை இடப்பக்கம் தள்ளுங்க, காலை வலப்பக்கம். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

அந்த அம்மாவின் உடம்பு துணியில் பலகை போலத் தட்டையாகக் கிடந்தது. கழுத்து நேர், முட்டி நேர். கண்ணை மூடிக்கொண்டார். சின்ன முதலாளி தொண்டையைச் செருமினார். "சும்மா இருங்க, தூங்கிடுவேன் போல இருக்கு" என்றார் அந்த அம்மா.

இறங்கினதும் அக்கா நோட்டை நீட்டினார். உயரமும், வாங்கினவர்கள் எழுதிய வரிகளும் இருந்த பக்கங்களை அந்த அம்மா ஒவ்வொன்றாகப் புரட்டிப் படித்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார்.

"நான் அஞ்சடி பத்து. அந்தப் பையில எழுதியிருக்கிறதை எனக்குக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

அவர் வாசித்தார். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பையனின் குரல். "ஆறடி நாலு அங்குலம் வரை…"

"போதும்" என்றார் அந்த அம்மா. பெரியவர்களுக்குப் பதினோரடி, அதுவும் ஆறடியைத் தாண்டாதவர்களுக்கு என்று பையில் தெளிவாக எழுத வேண்டும். அதற்கு மேல் உயரமானவர்களுக்குப் பன்னிரண்டடி ஒன்று தைக்க வேண்டும். ஒன்பதடி வேண்டுமானால் பிள்ளைகளுக்கு என்று எழுதி விற்கலாம். அப்படிச் செய்தால் சரக்கை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். மேலாளர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்து, இதைவிடப் பெரிய இடத்துக்கு, நற்சான்றிதழோடு போனார். பதினோரடி தன் யோசனை என்று அதில் எழுதி வாங்கிக்கொண்டதாகக் கேள்வி. அக்காவுக்குக் கொடுத்த அந்தத் தாளையோ, ஊருக்கெல்லாம் அனுப்பிய கடிதத்தையோ யாரும் திரும்பப் பெறவில்லை. "அதான் எல்லாம் சரியாயிடுச்சே அக்கா, விடுங்க" என்றார் சின்ன முதலாளி.

அக்கா விடவில்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு, மிஷினில் உட்காருவதற்கு முன், கண்ணாடி அறைக்கு எதிரே போய் நிற்பார். சத்தம் போடமாட்டார். "எங்க மேல தப்பில்லைன்னு எழுதிக் குடுங்க தம்பி" என்று ஒரே ஒரு தரம் சொல்வார். ஐந்து நிமிடம் நிற்பார். வேலைக்குத் திரும்புவார். நாலாவது நாளிலிருந்து மற்ற ஐந்து பேரும் கூடவே போய் நின்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னவளும் அதில் இருந்தாள். பதினெட்டாவது நாள் இரண்டே வரியில் கடிதம் வந்தது: திரும்பி வந்த சரக்கில் தையல் குறை எதுவும் இல்லை, தவறு அளவிலும் அச்சிட்ட வாசகத்திலும்தான். ஆறு பிரதி. ஆளுக்கொன்று.

அதோடு அக்காவுக்குத் தலைமைத் தையல்காரர் என்று ஒரு பட்டமும் தருவதாகச் சொன்னார்கள். பட்டம் வேண்டாம், பையில் எது அச்சுக்குப் போனாலும் அதற்குமுன் தான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சின்ன முதலாளி மென்று விழுங்கிவிட்டுச் சரி என்றார். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

ஆனால் ஒன்று மட்டும் அவரால் முடியவில்லை. அந்தப் பொய் வாசகத்தோடு எழுநூற்றுச் சொச்சம் தூளிகள் வெளியே போயின. வாங்கினவர்களுக்கெல்லாம் உண்மையை எழுதிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டும் பார்த்தார். பட்டறைப் பெயர் கெட்டுவிடும் என்று கடைசிவரை மறுத்துவிட்டார்கள். புகார் எழுதினவர்களுக்கு மட்டும் அக்கா தன் கையாலேயே ஒரு பக்கம் எழுதினார்: தப்பு உங்களுடையது இல்லை, அந்தத் துணி நீளம் போதாது, அதற்குப் பதில் இந்த நீளமானதில் கோணலாகப் படுத்துப் பாருங்கள் என்று. அதை நான் புதுத் தூளியோடு சேர்த்து அனுப்பினேன்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பேச்சு மறுபடி வந்தது. "எழுதினவங்களைப் பத்தி எனக்குக் கவலையில்ல" என்றார் அக்கா. "எழுதாதவங்க இருக்காங்களே, பையில ஆறடி நாலுன்னு போட்டிருக்கு, நமக்குத்தான் படுக்கத் தெரியல, நமக்குத்தான் வயசாயிடுச்சு, முதுகு போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. தன் உடம்பையே குத்தம் சொல்லிக்கிட்டு."

சொல்லிவிட்டு டப்பாவை மூடினார். பாதிச் சாப்பாடு உள்ளேயே இருந்தது.